ஆடிக் காற்றில் சைக்கிள் பயணம்
ஆனி, ஆடியில் காரைக்குடியிலிருந்து சைக்கிளில் கிளம்பினால், விடியற்காலையில் மேற்கே குன்றக்குடி, திருப்பத்தூர் பக்கம் போங்கள். வெயில் ஏறியபின் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பலாம். மேடுபள்ளம் குறைந்த செட்டிநாட்டில் கால்களை வாட்டுவது எதிர்க்காற்றுதான். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மிதிக்கும்போது அதே வேகத்தில் காற்று எதிரே அடித்தால், அதன் தடை நான்கு மடங்காகிவிடும். இம்மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று இரவில் தணிந்து, தரை சூடேறிய பிறகே வலுக்கிறது. திறந்து கிடக்கும் கண்மாய்க் கரைகளில் இந்த வித்தியாசத்தை நன்றாகவே உணர்வீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். அப்போது முதலில் கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கம் போவதே நல்லது. சித்திரை வெயிலில் இந்தக் கணக்கு உதவாது, காலை ஒன்பதுக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.