முதன்முறையாகக் களத்துக்குப் போகிறீர்களா? நேர்காணலும் கணக்கெடுப்பும் செய்யும் முறை

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "உங்க வீட்டுல பொம்பளைங்க யாராவது வேலைக்குப் போறாங்களாய்யா?" என்று கேட்டேன். "இல்லம்மா, வீட்லதான் இருக்காங்க" என்றார். கேள்வித்தாளில் 'இல்லை' என்பதை வட்டமிட்டேன்.

அவருக்குப் பின்னால், கொல்லை நிழலில், அவர் மனைவி கீற்று முடைந்துகொண்டிருந்தார். அது விற்பனைக்கு. காலையில் இரண்டு மாடு கறந்து சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்துதான் உட்கார்ந்திருந்தார் என்பது, நான் கிளம்பும்போது பேச்சுவாக்கில் தெரிந்தது. பெரியவர் பொய் சொல்லவில்லை. 'வேலைக்குப் போவது' என்றால் அவருக்கு வாசலைத் தாண்டிக் கூலிக்குப் போவது. நான் கேட்டதற்கு அவர் சரியான பதிலைத்தான் சொன்னார். தப்பு கேள்வியில் இருந்தது, அதைவிட யாரிடம் கேட்டேன் என்பதில் இருந்தது.

சமூகப்பணி, சமூகவியல், பொருளியல் படிக்கும் மாணவர்கள் களத்துக்குப் போகும்போது இந்த இரண்டு தப்பும்தான் அதிகம் நடக்கிறது. அதனால், பெண்களின் வேலை என்ற இதே விஷயத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் முறை இதுதான்.

படி 1: எண்ணிக்கை வேண்டுமா, காரணம் வேண்டுமா?

"இந்த ஊரில் எத்தனை பெண்கள் சம்பாதிக்கிறார்கள்?" என்பதற்குக் கணக்கெடுப்பு வேண்டும். எல்லோரிடமும் ஒரே கேள்வியை, ஒரே சொற்களில், ஒரே வரிசையில் கேட்க வேண்டும். "சம்பாதித்த காசு யார் கையில் போகிறது, ஏன்?" என்பதற்கு நேர்காணல் வேண்டும். அங்கே பேச்சு போகிற வழியில் நீங்களும் போகலாம். முதல் வேலையாக, உங்களுக்குத் தெரிய வேண்டியதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். 'எத்தனை', 'எவ்வளவு' என்று வந்தால் ஒன்று, 'ஏன்', 'எப்படி' என்று வந்தால் மற்றொன்று. இரண்டும் வந்தால் இரண்டையும் செய்யுங்கள், ஆனால் ஒரே தாளில் குழப்பாதீர்கள்.

படி 2: கேள்வித்தாள் எழுதும் முன் நாலு பேரிடம் பேசுங்கள்

பலர் விடுதி அறையில் உட்கார்ந்து கேள்வித்தாளை முழுதாக எழுதி முடித்துவிட்டுத்தான் ஊருக்குப் போகிறார்கள். முதலில் ஏழெட்டுப் பேரிடம் சும்மா உட்கார்ந்து பேசுங்கள். நோக்கம், அவர்கள் பயன்படுத்தும் சொற்களைக் கற்றுக்கொள்வது. டெல்டாவில் நிலத்தை இன்னும் மா, வேலி என்று சொல்கிறவர்கள் உண்டு. மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. "எத்தனை ஏக்கர்?" என்று கேட்டால் மனக்கணக்குப் போட்டு ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். மா கணக்கிலேயே கேட்டு வாங்கி, ஏக்கராக்கும் வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். விளைச்சலை மூட்டையில் சொன்னால், மூட்டைக்கு எத்தனை கிலோ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

படி 3: கேள்வி எழுதுவது

ஆய்வு நிற்பதும் விழுவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'வேலை' என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக நேற்றைய நாளைக் கேளுங்கள்: "நேத்து காலைல எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க? மொதல்ல என்ன செஞ்சீங்க? அப்புறம்?" என்று இரவு படுக்கும்வரை. இந்த முறையில் இந்திய அரசு 1998-99இல் ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு எடுத்தது, தமிழ்நாடும் அதில் ஒன்று. 2019இல் நாடு முழுக்க எடுத்தார்கள். சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம் என்று அதில் தெரிந்தது. "வேலை பாக்குறீங்களா?" என்று கேட்டிருந்தால் அந்த 299 நிமிடமும் 'சும்மா இருக்கிறார்' என்று பதிவாகியிருக்கும்.

பதிலை வாயில் ஊட்டும் கேள்விகளைத் தேடித் தேடி அடியுங்கள். "வேலைக்குப் போறது உங்களுக்குக் கஷ்டமா இருக்குல்ல?" என்று கேட்டால், எதிரே இருப்பவர் மரியாதைக்காகவே "ஆமாங்க" என்பார். "வேலைக்குப் போறது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வியில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். "கூலியும் வேலை நேரமும் திருப்தியா இருக்கா?" என்பதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால் எது இல்லை? இரண்டாகப் பிரியுங்கள்.

"போன வருஷம் மாசம் எவ்வளவு வருமானம்?" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. நடவில் ஒரு கூலி, களையெடுப்பில் ஒரு கூலி, உளுந்து பறிப்பில் ஒரு கூலி, நடுவில் வேலையில்லாத மாதங்கள். பருவம் பருவமாகக் கேளுங்கள்: "நடவுக்கு எத்தன நாளு போனீங்க? ஒரு நாளுக்கு எவ்வளவு?" பெருக்கிக் கூட்டுவது உங்கள் வேலை.

வயது, வருடம் கேட்பதற்கு ஊரின் நினைவுகளை வைத்து ஒரு நாட்காட்டி தயாரித்துக்கொள்ளுங்கள். நாகை, திருவாரூர்ப் பக்கம் என்றால் 2018 நவம்பர் கஜா புயல், 2004 டிசம்பர் சுனாமி, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைவு. "உங்களுக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு?" என்பதற்கு வருடம் தெரியாத அம்மா, "எம்ஜியார் செத்தப்பக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டால், "அப்ப மூத்தவன் கைப்புள்ள" என்று பளிச்சென்று சொல்வார்.

வரிசையும் முக்கியம். வீட்டில் எத்தனை பேர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று ஆரம்பித்து, வேலைக்கு வந்து, கடன், வருமானம், வீட்டுக்குள் நடக்கும் சங்கடங்கள் எல்லாவற்றையும் கடைசியில் வையுங்கள். சாதியை முதல் கேள்வியாக வைத்த தாள்களை நான் பார்த்திருக்கிறேன். அதோடு பேச்சே முடிந்துவிடும். மொத்தம் முப்பது, நாற்பது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கிறோம்.

படி 4: யாரிடம் கேட்பது?

டீக்கடையில் நின்று ஐம்பது பேரிடம் கேட்டால், டீக்கடைக்கு வருகிறவர்களைப் பற்றித்தான் தெரியும். அமெரிக்காவில் 1936 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் ஒரு பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு போல் அட்டை அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் பதில் வந்தும், லாண்டன் என்ற வேட்பாளர் ஜெயிப்பார் என்று தப்பாகச் சொன்னது. 48 மாநிலங்களில் 46இல் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் ஜெயித்தார். முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசி வைத்திருந்தோர், கார் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து எடுத்திருந்தார்கள். பதில் அனுப்ப மெனக்கெட்டவர்களும் ஒரு தனி ரகமாக இருந்தார்கள்.

ஆகவே முதலில் வீட்டுப் பட்டியல் வேண்டும். ஊராட்சியின் வீட்டுவரிப் பட்டியலை மட்டும் நம்பினால், புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்கள் விடுபட வாய்ப்பு அதிகம். ஒரு நாள் ஒதுக்கி ஊர்த்தெரு, காலனி, வாய்க்கால் கரைக் குடிசைகள் எல்லாம் நடந்து, கையாலேயே வரைபடம் போட்டு, வீடுகளுக்கு எண் கொடுங்கள்.

ஊரில் 600 வீடு, உங்களால் 60 வீடு முடியும் என்றால், பத்து வீட்டுக்கு ஒரு வீடு. 1 முதல் 10 வரை சீட்டுக் குலுக்கி எடுங்கள். 7 வந்தால் 7, 17, 27 என்று போங்கள். நினைவிருக்கட்டும், 60 வீட்டில் பாதிப் பேர் 'ஆம்' என்றால், ஊர் முழுக்க அது 38 சதவீதமாகவும் இருக்கலாம், 62 ஆகவும் இருக்கலாம். அந்த இடைவெளியை மேலும் கீழும் ஐந்தைந்து சதவீதமாகக் குறைக்க, 95 சதவீத நம்பிக்கையோடு (இப்படி நூறு முறை எடுத்தால் ஏறத்தாழ 95 முறை சரியாக வரும்படி), 600 வீடுள்ள ஊரில் ஏறத்தாழ 235 வீடு தேவைப்படும். பெரிய மாவட்டம் என்றாலும் 384 போதும் என்பதுதான் புத்தகக் கணக்கு. முதல் ஆய்வுக்கு 60 போதும், அறிக்கையில் அந்த இடைவெளியை மறைக்காமல் எழுதினால்.

பூட்டியிருக்கும் வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வராதீர்கள். பகலில் பூட்டியிருப்பது பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்களின் வீடுதான். பெண்களின் வேலையை எண்ண வந்துவிட்டு, வேலைக்குப் போன பெண்ணையே விட்டுவிடுவோம். வெவ்வேறு நேரத்தில் மூன்று முறையாவது போய்ப் பாருங்கள்.

படி 5: ஒத்திகை

பட்டியலில் இல்லாத ஐந்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்வியை நீங்களே இரண்டாம் முறை விளக்க வேண்டி வந்ததோ, அதை மாற்றி எழுதுங்கள். கைப்பேசியில் பதிவதென்றால் கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலிகள் இணையம் இல்லாத இடத்திலும் ஓடும். அதையும் இப்போதே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

படி 6: வாசலில்

ஊர்ப் பெரியவரையோ வார்டு உறுப்பினரையோ பார்த்துச் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. ஆனால் அவரைக் கூடவே கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகாதீர்கள். அவர் நிலத்தில் கூலிக்குப் போகும் பெண், அவர் எதிரிலேயே கூலி குறைவு என்று எப்படிச் சொல்வார்? ஊர்த்தெருவில் மட்டும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் காலனியில் "வேணாம்மா" என்றீர்கள் என்றால், அதையும் ஊர் கவனிக்கும். இரண்டு இடத்திலும் குடியுங்கள், இரண்டு இடத்திலும் அவர்கள் உட்கார்ந்திருக்கும் மட்டத்திலேயே உட்காருங்கள்.

நடவுக் காலத்தில் காலை பத்து மணிக்குப் போய்ப் பயனில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம், அல்லது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போகலாம். அதையும் கேட்டுக்கொண்டே போங்கள்.

சொல்ல வேண்டியதை மனப்பாடம் ஆகும்வரை சொல்லிப் பழகுங்கள்: "வணக்கம்க்கா. நான் காலேஜ்ல படிக்கிறேன். இந்த ஊர்ப் பெண்கள் ஒரு நாள்ல என்னென்ன செய்யுறாங்கன்னு எழுதிட்டுப் போக வந்துருக்கேன். அர மணி நேரம் ஆகும். புடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேணாம். நடுவுல நிறுத்திக்கலாம். உங்க பேரு எங்கேயும் வராது. பேசலாமாக்கா?"

உடனே வரும் கேள்வி, "இதுனால லோன் கெடைக்குமா?" அல்லது "ரேஷன் கார்டுல பேர எடுத்துருவாங்களா?" இரண்டுக்கும் உண்மையைச் சொல்லுங்கள். "உங்களுக்கு நேரடியா ஒண்ணும் கெடைக்காதுக்கா. கார்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." அதைக் கேட்டு ஒருவர் மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள், மறுத்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசை காட்டி வாங்கும் பதில் எதற்கும் உதவாது, அது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் துரோகமும்கூட. ஒலிப்பதிவு செய்வதென்றால் தனியாக அனுமதி கேளுங்கள்.

பெண்ணிடம் கேட்டால் கணவர் பதில் சொல்வார், மாமியார் பதில் சொல்வார். ஆணும் பெண்ணுமாக இருவர் போவதுதான் எனக்குப் பலன் தந்த வழி. ஒருவர் திண்ணையில் நிலம், பாசனம் பற்றி வீட்டுக்காரரிடம் பேச, மற்றவர் கொல்லைப் பக்கம் அந்த அக்காவோடு உட்கார்ந்துவிடலாம். தனிமை கிடைக்காவிட்டால் சங்கடமான கேள்விகளைக் கேட்கவே கேட்காதீர்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில்கூட, வீட்டு வன்முறை பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமை கிடைத்தால் மட்டும்தான் கேட்கிறார்கள். நாம் எழுந்து போன பிறகும் அவர் அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

கணக்கெடுப்பில் கேள்வியை எழுதியபடியே படியுங்கள். "அடடா", "ரொம்ப நல்லது" என்று எதையும் மெச்சாதீர்கள், அடுத்த பதில் உங்கள் முகத்தைப் பார்த்து வரும். நேர்காணலில், பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். "காசெல்லாம் அவருகிட்டதான் குடுப்பேன்" என்று சொல்லி நிறுத்திய ஒரு அக்கா, நான் பேசாமல் இருந்தபோது சேலை நுனியைச் சுருட்டியபடியே, "பால் காசு மட்டும் எம் பொண்ணு பேருல போடுறேன், அவருக்குத் தெரியாது" என்றார். அதைப் போன்ற பதிலை எந்தக் கேள்வித்தாளும் வாங்கித் தராது. அதை அந்த வீட்டு அடையாளத்தோடு எழுதும் உரிமையும் நமக்கில்லை.

படி 7: அன்றிரவே எழுதுங்கள்

தூங்கிவிட்டால் பாதி போய்விடும். அவர் சொன்ன சொற்களை அப்படியே ஒரு பக்கம், உங்களுக்குத் தோன்றியதை எதிர்ப்பக்கம் எழுதுங்கள். பெயருக்குப் பதில் வீட்டு எண், எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள பட்டியல் தனி நோட்டில், பூட்டிய பெட்டியில். ஆதார் எண்ணெல்லாம் வாங்கவே வேண்டாம்.

பிரதியை வேறு வேறு இடத்தில் வையுங்கள். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர் பக்கத்துக் கிராமமொன்றில் கள ஆய்வு செய்தார். அந்த ஊருக்கு அவர் எழுத்தில் புனைபெயர்தான். பல ஆண்டு உழைத்துத் தொகுத்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் எரிந்தன. மூன்றும் ஒரே கட்டடத்தில் இருந்தன.

எந்தக் கேள்வியை, எந்தச் சொற்களில், எந்த மாதத்தில் கேட்டீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கேள்விப் பட்டியலோடு அவரவர் ஊருக்கு அனுப்பினார். அதில் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. அந்த ஊருக்கு 1930களிலும் 1980களிலும் 2008இலும் ஆய்வாளர்கள் திரும்பிப் போய் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது என்றால், முதலில் போன மாணவர் எழுதி வைத்துவிட்டு வந்ததால்தான்.

படி 8: திரும்பிப் போங்கள்

கணக்கைக் கூட்டி முடித்ததும், அறிக்கை கொடுக்கும் முன் அந்த ஊருக்கு ஒருமுறை போய்ச் சொல்லுங்கள். நாங்கள் அங்கன்வாடித் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு உட்கார்ந்தோம். ஆளுக்கு 24 புளியங்கொட்டை, ஒரு கொட்டை ஒரு மணி நேரம். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, 'தூக்கம்', 'சமையல்', 'மாடு', 'கீற்று', 'பிள்ளை' என்று எழுதி, நேற்றைய நாளை அடுக்கச் சொன்னோம். கீற்று முடைந்துகொண்டிருந்த அந்த அம்மாவும் வந்திருந்தார். தூக்கத்துக்கு ஆறு வைத்தார், மாட்டுக்கு நாலு, சமையலுக்கு நாலு. கீற்றுக் கட்டத்துக்கு வந்ததும் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பேரன மடில போட்டுக்கிட்டுதான மொடையுறேன். இத எந்தக் கட்டத்துல வைக்கிறது?"

அடுத்த ஊருக்குக் கொண்டுபோன கேள்வித்தாளில், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பக்கத்தில் ஒரு பத்தி புதிதாகச் சேர்த்திருந்தோம்: 'அதே நேரத்தில் வேறு என்ன செய்தீர்கள்?'