சிக்னலில் நின்றால் உதறும் பழைய காரா?

பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது உங்கள் பழைய பெட்ரோல் கார் உதறுகிறதா? உடனே கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) கழற்ற விடாதீர்கள். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பானட்டைத் திறந்து எஞ்சின் ஓடும்போதே வேக்வம் குழாய்கள் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசை போகும் ரப்பர் குழாய்கள்) பக்கம் காது கொடுங்கள். 'உஸ்' என்று கேட்டால் அங்கே காற்று கசிந்து உள்ளே போகிறது, பெட்ரோல்-காற்றுக் கலவை அதனால்தான் கெடுகிறது. கேட்கவில்லையா, சரி, ஒவ்வொரு குழாயாக மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் கலவை போகும் பாதை) பக்கம் அழுத்திப் பிடியுங்கள் (ஃபேன் பக்கம் கை போகவே கூடாது), எதை அழுத்தும்போது உதறல் அடங்குகிறதோ அந்தக் குழாய்ப் பக்கம்தான் கோளாறு. என் வண்டியில் பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பாகம்) குழாயின் முனையில், கிளிப்புக்கு அடியில், மயிரிழை வெடிப்பு! டேப் சுற்றாதீர்கள், அது பிரேக் சமாச்சாரம், உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் புதுக் குழாயே வாங்கிப் போடுங்கள். அப்புறமும் உதறினால் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள்.