கலந்தாய்வுக்கு முன் முன்பணம் கட்ட வேண்டாம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்த பதினேழு வயது எனக்கு இன்று ஒன்றைச் சொல்ல முடியுமானால், பொறியியல் கலந்தாய்வு தொடங்கும் முன் எந்தக் கல்லூரியிலும் முன்பணம் கட்டாதே என்றே சொல்வேன். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில், அம்மாவின் வளையலை அடகு வைத்த பணத்தை அப்பா ஒரு கல்லூரி அலுவலகத்தில் எண்ணிக் கொடுத்தார். ரசீதை நான் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியே சேர்பவர்களுக்குத்தான் உண்டு, இப்படிக் கல்லூரியிடம் நேரடியாகப் பணம் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது என்பதை எங்களுக்கு எடுத்துச் சொல்ல அன்று யாருமில்லை.

ஆகவே, வீட்டில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லையென்றால், மதிப்பெண் வரும்வரை காத்திராமல் இ-சேவை மையத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். குடும்பத்தினரின் படிப்பு விவரங்களைக் கேட்பார்கள் என்பதால், அண்ணன், அக்காவின் மாற்றுச் சான்றிதழ்களை முன்பே தேடி எடுத்து வைப்பது நல்லது.

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண் குறைவாக இருந்தாலும் கலங்க வேண்டாம். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் சேர்க்கலாம். அந்தப் பட்டியலில் நீங்கள் வைத்த வரிசைப்படியே இடம் பார்த்து ஒதுக்கப்படுவதால், உண்மையில் விரும்பும் கல்லூரியையும் பாடப்பிரிவையும் தயங்காமல் முதலில் வையுங்கள். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும் உண்டு.