வேக்குவம் சர்க்யூட் பிரேக்கரின் மின்சோதனைகள்: தொடுமுனைத் தடையைச் சரியாக அளப்பது எப்படி?

11 கிலோவோல்ட் வேக்குவம் சர்க்யூட் பிரேக்கர் ஒன்றின் (வெற்றிடத்துக்குள் தொடுமுனைகளைப் பிரித்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) தொடுமுனைத் தடையைச் சோதித்தபோது, மூன்று ஃபேஸ்களில் ஒன்றான ஆர் ஃபேஸில் 190 மைக்ரோ ஓமும் மற்ற இரண்டில் 40 மைக்ரோ ஓமை ஒட்டியும் அளவுகள் வந்ததால், அந்த ஃபேஸின் பாட்டிலை (தொடுமுனைகள் அடங்கிய வெற்றிடக் குடுவையை) மாற்றியே ஆக வேண்டும் என்று நான் குறிப்பு எழுதிவிட்டேன். உடனிருந்த மூத்த பொறியாளர் ஒருவர் கிளிப்புகளை மட்டும் இடம் மாற்றிப் பொருத்தி மறுபடியும் அளந்தபோது 42 வந்தது. பழுது பிரேக்கரில் இல்லை, என் இணைப்பில் இருந்தது. ஆகவே இந்த விளக்கத்தில் தொடுமுனைத் தடையை அளக்கும் படியையே விரிவாக எழுதுகிறேன்.

பிரேக்கரை ரேக் அவுட் செய்வது (பேனலிலிருந்து வெளியே இழுப்பது), மின்சாரம் இல்லை என உறுதிப்படுத்துவது, எர்த் செய்வது ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று கொள்கிறேன். கிளிப் பொருத்தக் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் கன்ட்ரோல் சப்ளை துண்டிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். சார்ஜ் ஆகியிருக்கும் ஸ்பிரிங் விரலை நசுக்கிவிடும்.

படி 1: மின்காப்புத் தடை

மின்காப்பை அளக்கும் கருவியான 5000 வோல்ட் மெகரால் ஒவ்வோர் அளவையும் ஒரு நிமிடம் எடுக்கவும். பிரேக்கர் மூடிய நிலையில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும், ஃபேஸ்களுக்கு இடையிலும் அளக்க வேண்டும். திறந்த நிலையில் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இடையில் அளக்க வேண்டும். அளவு குறைவாக வந்தால், முதலில் இன்சுலேட்டர்களை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மீண்டும் எடுங்கள். திறந்த நிலையில் நல்ல அளவு வந்தாலும் அது பாட்டிலுக்குள் வெற்றிடம் இருப்பதற்குச் சான்றாகாது. காற்று புகுந்த பாட்டிலின் இடைவெளிகூட 5000 வோல்ட்டைத் தாங்கிவிடும்.

படி 2: தொடுமுனை மின்தடை

களத்தில் காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் டெஸ்ட் என்று சொல்லப்படும் இந்தச் சோதனையில், மூடிய பிரேக்கர் வழியே 100 ஆம்பியர் நேர்மின்னோட்டத்தைச் செலுத்தி, தொடுமுனைகளுக்குக் குறுக்கே விழும் மின்னழுத்தத்தை அளக்கிறோம். தடை 50 மைக்ரோ ஓம் என்றால் நாம் தேடும் மின்னழுத்தம் வெறும் 5 மில்லிவோல்ட்தான். கிளிப் கடிக்கும் இடத்தில் இருக்கும் தடையே நாம் அளக்க வேண்டிய தடையைவிடப் பெரிதாக இருக்கலாம் என்பதால்தான் மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தத்துக்கு இரண்டு என நான்கு கம்பிகள் தேவைப்படுகின்றன.

மின்னழுத்தக் கிளிப்புகள் தொடுமுனைக்கு நெருக்கமாக உள்பக்கமும், மின்னோட்டக் கிளாம்புகள் அவற்றுக்கு வெளிப்பக்கமும் இருக்க வேண்டும். நான் ஆர் ஃபேஸில் மின்னழுத்தக் கிளிப்பை மின்னோட்டக் கிளாம்பின் மேலேயே மாட்டியிருந்தேன். அதனால் கிளாம்புக்கும் உலோகத்துக்கும் இடையிலிருந்த தடையும் அளவில் சேர்ந்துகொண்டது. அளவு அதிகமாக வந்தால், பிரேக்கரைச் சந்தேகிக்கும் முன் கிளிப்புகளைக் கழற்றி, அந்த இடத்தைத் துடைத்து, மீண்டும் பொருத்தி அளந்து பாருங்கள்.

மல்டிமீட்டர் இந்த வேலைக்கு உதவாது. 10 ஆம்பியர் மட்டுமே தரும் சிறு கருவிகளையும் நான் விரும்புவதில்லை. தொடுமுனைகளில் படிந்திருக்கும் மெல்லிய படலத்தின் தடையைக் குறைந்த மின்னோட்டம் மிகைப்படுத்திக் காட்டக்கூடும்.

ஒப்பிட வேண்டியது தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள வரம்பு, பழைய பதிவு, மற்ற இரு ஃபேஸ்கள் ஆகியவற்றோடுதான். 1250 ஆம்பியர் ஓடும்போது 50 மைக்ரோ ஓம் தடையில் சுமார் 78 வாட் வெப்பம் உண்டாகிறது. அதுவே 200 மைக்ரோ ஓமானால் 312 வாட்டைத் தாண்டுகிறது.

படி 3: இயக்க நேரம்

டைமிங் கருவியால் மூடும் நேரத்தையும் திறக்கும் நேரத்தையும் பதிவு செய்யவும். 50 ஹெர்ட்ஸ் அமைப்பில் மூன்று ஃபேஸ்களுக்கு இடையிலான நேர வேறுபாடு மூடும்போது 5 மில்லிசெகண்டையும், திறக்கும்போது 3.3 மில்லிசெகண்டையும் தாண்டக்கூடாது என்கிறது சர்வதேசத் தரநிலையான ஐஇசி 62271-100. பிரேக்கரைத் திறக்கவைக்கும் டிரிப் காயிலுக்கு 110 வோல்ட் நேர்மின்சாரம் என்றால், அதன் 70 சதவீதமான 77 வோல்ட்டிலும் பிரேக்கர் திறக்க வேண்டும். நெடுநாள் அசையாதிருந்த பிரேக்கரின் இறுகிய கிரீஸ் முதல் இயக்கத்திலேயே இளகிவிடுவதால், பணியிலிருந்து எடுப்பதற்காகத் திறக்கும் அந்த முதல் முறையே டிரிப் காயில் மின்னோட்டத்தைக் கிளாம்ப் மூலம் பதிவு செய்துகொள்வது நல்லது. பத்தாவது முறை எடுக்கும் அளவு முதல் முறையின் மந்தத்தைக் காட்டாது.

படி 4: வெற்றிடச் சோதனை

முழுதாகத் திறந்த தொடுமுனைகளுக்குக் குறுக்கே உயர் மாறுமின்னழுத்தம் கொடுத்துப் பார்ப்பதே வெற்றிடத்தை அறியும் வழி. 11 கிலோவோல்ட் அமைப்பில் பயன்படும் 12 கிலோவோல்ட் வகைப் பிரேக்கருக்கு ஐஇசி குறிக்கும் தாங்கு அளவு 28 கிலோவோல்ட், ஒரு நிமிடம். களத்தில் கொடுக்க வேண்டிய அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்தே எடுங்கள். இச்சோதனையின்போது பாட்டிலிலிருந்து எக்ஸ் கதிர்கள் வெளிப்படக்கூடும் என்பதால், கையேடு சொல்லும் தூரத்துக்கு விலகி நிற்பது கட்டாயம்.

பின்சேர்க்கை: வாசகர்கள் எழுப்பிய இரண்டு சிக்கல்கள்

இரண்டு பக்கமும் எர்த் செய்தபடியே படி 2-ஐச் செய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். அப்போது மின்னோட்டத்தின் ஒரு பகுதி எர்த் வழியே போய்விடுவதால், உண்மைத் தடையைவிடக் குறைவாக அளவு வரும். உலோக உறைக்குள் அமைந்த வாயுக் காப்புப் பிரேக்கர்களில் இந்தப் பிழை மிகப் பெரிது. பணி அனுமதிச்சீட்டு இடம் கொடுத்தால் ஒரு பக்க எர்த்தை மட்டும் சோதனை நேரத்துக்கு விலக்கலாம். மறுபக்கம் எர்த்திலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, வெளியே எடுக்க இயலாத, இருந்த இடத்திலேயே சோதிக்கப்படும் பிரேக்கர்களைப் பற்றியது. செலுத்தும் மின்னோட்டத்தின் பாதையில் சிடி (மின்னோட்டத்தை அளக்க உதவும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) இருந்தால், 100 ஆம்பியர் திடீரென ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் செகண்டரியில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, இயங்கிக்கொண்டிருக்கும் பஸ்பார் பாதுகாப்பு ரிலே (பழுதைக் கண்டால் பிரேக்கர்களைத் திறக்கவைக்கும் கருவி) டிரிப் கொடுக்கக்கூடும். எனவே செகண்டரியை முதலில் ஷார்ட் செய்து, அதன் பிறகே ரிலேயிலிருந்து பிரிக்க வேண்டும்.