பலெர்மோவிலிருந்து ஒரே நாளில் செஃபலூ: ரயில், பாறை, கதீட்ரல், கடல்

இத்தாலியின் சிசிலித் தீவின் வடகரையில் இருக்கும் செஃபலூவுக்கு, பலெர்மோவில் தங்கியிருப்பவர்கள் காலையில் போய்விட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். காரை மறந்துவிடுங்கள். பழைய ஊரின் சந்துகள் கல் பாவிய ஒற்றையடித் தெருக்கள். கோடையில் கடற்கரைச் சாலையில் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதிக் காலை ஓடிவிடும். ரயிலில் ஏறினால் ஏறக்குறைய 1 மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து பழைய ஊர் 10 நிமிட நடை.

1. எந்த ரயில்?

பலெர்மோவின் முதன்மை ஸ்டேஷனான சென்ட்ராலேயில் அறிவிப்புப் பலகை கடைசி ஸ்டேஷனின் பெயரைத்தான் காட்டும். மெசினா, சாந்தாகதா தி மிலித்தெல்லோ, அல்லது செஃபலூ என்று இருந்தால் ஏறலாம். கத்தானியா, அக்ரிஜெந்தோ போகும் ரயில்கள் தெர்மினி இமெரேசே வரை இதே பாதையில் வந்துவிட்டு, அதைத் தாண்டி உள்நாட்டுப் பக்கம் பிரிந்துவிடும். தெரியாமல் ஏறிவிட்டால் தெர்மினியில் இறங்கி அடுத்த ரயிலுக்குக் காத்திருங்கள். போகும்போது இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.

2. டிக்கெட்: இங்கேதான் அபராதம் விழும்

ரெஜியோனாலே எனப்படும் உள்ளூர் ரயில்களுக்குக் கட்டணம் நிலையானது. ஒரு மாதம் முன்பே வாங்கினாலும் அன்று காலையே வாங்கினாலும் விலை ஒன்றுதான், இருக்கை எண்ணும் கிடையாது. எனவே அவசரப்படாமல் அன்றைக்கே வாங்குங்கள். இத்தாலிய ரயில் நிறுவனமான ட்ரெனிதாலியாவின் சொந்த ஆப் போதும். இடைத்தரகு தளங்கள் மேலே கமிஷன் வைக்கும்.

வாங்கியதோடு வேலை முடியவில்லை. காகித டிக்கெட் என்றால், பிளாட்ஃபாரத்துக்குப் போகும் வழியிலோ பிளாட்ஃபாரத்திலோ இருக்கும் சின்ன இயந்திரத்தில் நுழைத்து முத்திரை வாங்க வேண்டும். உள்ளே தள்ளியதும் 'டக்' என்று சத்தம் வரும். வெளியே எடுத்து, ஓரத்தில் தேதியும் நேரமும் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். மை தீர்ந்த இயந்திரம் சத்தம் மட்டும் போடும். பதியவில்லையென்றால் அடுத்த இயந்திரத்துக்குப் போங்கள்.

மொபைல் டிக்கெட்டுக்கு முத்திரை இல்லையே என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் மாட்டுகிறார்கள். 2023 ஆகஸ்டு முதல் டிஜிட்டல் ரெஜியோனாலே டிக்கெட்டுக்கு 'செக்-இன்' கட்டாயம். ஆப்பில் வாங்கியிருந்தால் டிக்கெட்டைத் திறந்து பொத்தானை அழுத்த வேண்டும். இணையதளத்தில் வாங்கியிருந்தால் மின்னஞ்சலில் வந்த இணைப்பின் வழியாகச் செய்ய வேண்டும். பிடிஎஃப்பை மட்டும் காட்டினால் பரிசோதகர் ஏற்கமாட்டார். ரயில் ஏறுவதற்கு முன்பே, சிக்னல் நன்றாக இருக்கும்போது முடித்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டுக்கும் தனியாகச் செய்ய வேண்டும். மாலையில் களைத்துப்போய் வரும்போது மறப்பது இதுதான்.

3. காலையில் பாறை

ஊரின் முதுகில் நிற்கும் லா ரொக்கா சுமார் 270 மீட்டர் உயரம். மேலே நிழல் குறைவு, ஆகவே முதல் வேலையாக ஏறிவிடுங்கள். கொர்சோ ருஜ்ஜேரோ தெருவிலிருந்து சலீத்தா சரச்சேனி என்ற படிப்பாதை தொடங்கும். நுழைவுக் கட்டணம் உண்டு. மழை, பலத்த காற்று என்றால் பாதையை மூடிவிடுவார்கள்.

படிகள் முடிந்தபின் மண்ணும் உதிரிக் கற்களும்தான். பலர் நடந்து நடந்து வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் ரப்பர் செருப்பு வழுக்கும், இறங்கும்போது இன்னும் மோசம். பிடிப்புள்ள ஷூ, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். அரை மணி நேரத்தில் டயானா கோயில் எனப்படும் பெருங்கல் கட்டுமானம் வரும். உச்சியில் கோட்டையின் இடிபாடுகள் மட்டுமே. நேரம் குறைவென்றால் உச்சியை விட்டுவிடலாம். கதீட்ரலின் இரட்டைக் கோபுரமும் ஓட்டுக் கூரைகளும் மதிலோரத்திலிருந்தே தெரியும். வழிக்கு, இணையமின்றி வேலை செய்யும் ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபட ஆப்பை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸைவிட இதில் ஒற்றையடிப் பாதைகள் தெளிவு.

4. வெயில் ஏறியதும் உள்ளே

கதீட்ரலை 1131-ல் இரண்டாம் ரோஜர் மன்னர் தொடங்கினார். 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பீடத்துக்கு மேலே வளைவில் இருக்கும் மொசைக் கிறிஸ்துவின் கையிலுள்ள விரித்த புத்தகத்தைக் கவனியுங்கள்: 'உலகின் ஒளி நானே' என்ற யோவான் நற்செய்தி வசனம் ஒரு பக்கம் கிரேக்கத்திலும் மறு பக்கம் லத்தீனிலும் இருக்கிறது. இரு மொழி மக்களும் ஒரே அரசின் கீழ் இருந்த காலத்தின் வேலை. தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம், பையில் ஒரு துப்பட்டா இருந்தால் போதும். பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள்.

பக்கத்திலேயே மந்த்ராலிஸ்கா அருங்காட்சியகம். அந்தொனெல்லோ தா மெசினா வரைந்த, பெயர் தெரியாத மனிதரின் உருவப்படத்துக்காகக் கூட்டம் வரும். என்னைக் கேட்டால், சூரை மீனை வெட்டி விற்பவரை வரைந்த பழைய கிரேக்க ஜாடியைத் தவறவிடாதீர்கள்.

5. சாப்பாடு

இரண்டரை மணிக்கு மேல் பல அடுப்புகள் அணைந்துவிடும். உட்கார்ந்தால் 'கொப்பெர்தோ' என்று ஆளுக்கு ஒரு தொகை பில்லில் சேரும், ஏமாற்று அல்ல. சைவர்களுக்குப் பாஸ்தா அல்லா நோர்மா (கத்தரிக்காய், தக்காளி, பாலாடைக்கட்டி) பெரும்பாலும் கிடைக்கும். 'கொன் லே சார்தே' என்றால் மத்தி மீன். சிக்கனமாகப் போகிறவர்கள் பலெர்மோவிலேயே பனெல்லே வாங்கி வரலாம்: கடலை மாவுத் துண்டுகளைப் பொரித்துப் பன்னுக்குள் வைத்தது, காய் இல்லாத பஜ்ஜி மாதிரி. அதே எண்ணெயில் வேறென்ன பொரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

6. கடல்

மதியத்துக்குப் பிறகு மணற்கரை. குடையும் நாற்காலியும் வரிசையாக இருக்கும் பகுதி கட்டணம், 'ஸ்பியாஜ்ஜா லீபெரா' இலவசம். குளித்தபின் விட்டோரியோ இமானுவேலே தெருவில் படியிறங்கிப் பழைய சலவைத் துறையைப் பாருங்கள். சிங்கத் தலைக் குழாய்களிலிருந்து இன்றும் தண்ணீர் ஓடுகிறது.

பிற்சேர்க்கை

ரயில் வேலைநிறுத்தம் நடந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். பலகையில் 'ஷொப்பெரோ' (வேலைநிறுத்தம்) என்று கண்டால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட ரெஜியோனாலே ரயில்கள் ஓடியே ஆக வேண்டும். அந்தப் பட்டியலை ட்ரெனிதாலியா தளத்தில் பார்த்துவிட்டு, ஒன்பதுக்குள் ஏறி, ஆறுக்குப் பிறகு திரும்புங்கள். ஞாயிறு, விடுமுறை நாட்களுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது.

இன்னொன்று: இன்டர்சிட்டி எனப்படும் நெடுந்தூர ரயிலும் செஃபலூவில் நிற்கும். ரெஜியோனாலே டிக்கெட் அதில் செல்லாது.