கூரை க்ளெய்ம்: முதல் காசோலையைப் பார்த்துப் பதறாதீர்கள்

புயலில் கூரை பிய்ந்து இன்சூரன்ஸ் பணம் வந்ததும், "இவ்வளவுதானா?" என்று பலரும் திகைத்துப் போவார்கள். அது முதல் தவணையாக இருக்கலாம். புதிதாக மாற்றும் செலவைத் தரும் பாலிசியில் பெரும்பாலும் முதலில் தேய்மானத்தைக் கழித்துத்தான் கொடுப்பார்கள். 20 வருடம் உழைக்க வேண்டிய கூரைக்கு 10 வயது என்றால் புதுக் கூரைச் செலவில் தோராயமாகப் பாதிதான் கணக்கு. அதிலும் நாமே கையிலிருந்து போட வேண்டிய பங்கான டிடக்டிபிள் போய்விடும். கழித்த தேய்மானம், வேலையை முடித்து பில் கொடுத்த பிறகு வரும். அதற்குக் கெடு உண்டு, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தேய்மானம் போக மீதி மதிப்பை மட்டும் தரும் பாலிசி என்றால், சரி, அவ்வளவுதான்.

"டிடக்டிபிளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். பில்லை ஊதிக் காட்டத்தான் அந்தத் தாராளம். மோசடியில் நீங்களும் மாட்டுவீர்கள்.

அப்புறம், ஒழுகும் இடத்தைத் தார்ப்பாய் போட்டு மூடும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். தார்ப்பாய் வாங்கிய ரசீதையும் எறியாதீர்கள், அதையும் க்ளெய்மில் சேர்த்துக் கேட்கலாம். வீட்டுக் கடன் இருந்தால் காசோலையில் வங்கியின் பெயரும் இருக்கக்கூடும். முன்கூட்டியே பேசிவையுங்கள்.