ரேண்டம் சாம்பிள் எடுப்பது எப்படி? 240 ரூமை வெச்சு ஒரு செய்முறை

காலேஜ்ல முதல் வருஷம் ஒரு சர்வே பண்ணச் சொன்னாங்க, பசங்க ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் படிக்கிறாங்கன்னு. நான் நேரா லைப்ரரி வாசல்ல நோட்டும் கையுமா நின்னுக்கிட்டு வர்றவங்க போறவங்க 50 பேரைக் கேட்டு, சராசரி போட்டு, "50 பேரை ரேண்டமாத் தேர்ந்தெடுத்தோம்"னு ரிப்போர்ட்ல கூசாம எழுதிட்டேன். சார் படிச்சுப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "லைப்ரரி பக்கமே வராதவன் உன்கிட்ட மாட்டறதுக்கு எவ்வளவு சான்ஸ்?" பூஜ்யம்தான். ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல நான் உருப்படியாக் கத்துக்கிட்ட முதல் விஷயம் அதுதான்.

ரேண்டம்னா கண்ணுல பட்டவங்களை எடுக்கறதுன்னு நிறைய பேர் நினைச்சுட்டிருக்கோம். அது இல்லை. எடுக்கறதுக்கு முன்னாடியே ஒவ்வொருத்தருக்கும் வர்றதுக்கான வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்லத் தெரியணும், அது யாருக்கும் பூஜ்யமா இருக்கக் கூடாது, அப்புறம் யார் வர்றாங்கங்கறது உங்க கையிலயோ அவங்க கையிலயோ இல்லாம குலுக்கல் கையில இருக்கணும். இவ்வளவுதான். கீழ வர்ற நாலு முறையும் இதையே வேற வேற விதமா செய்யறதுதான்.

உதாரணத்துக்கு ஒரு ஹாஸ்டல் எடுத்துக்குவோம். 5 பிளாக், பிளாக்குக்கு 4 மாடி, மாடிக்கு 12 ரூம், ஆக 240 ரூம், ரூமுக்கு ஒருத்தர். ராத்திரி சராசரியா எவ்வளவு நேரம் தூங்கறாங்கன்னு தெரியணும், நமக்கு 20 பேரைக் கேக்கத்தான் நேரம் இருக்கு. 240 பேரும் சேர்ந்தது பாப்புலேஷன், பாடப்புத்தகத்துல முழுமைத் தொகுதின்னு போட்டிருக்கும். நாம எடுக்கற 20 பேர் சாம்பிள், அதாவது கூறு.

ஸ்டெப் 1: லிஸ்ட்டை சரி பண்ணுங்க

இதைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிச்சுப் போயிடறாங்க, ஆனா பாதி சர்வே கெட்டுப்போறதே இங்கதான். யாரையெல்லாம் குலுக்கல்ல சேர்க்கப் போறோமோ அவங்க எல்லாரும் இருக்கற பட்டியலுக்கு சாம்ப்ளிங் ஃப்ரேம்னு பேரு. ஆபீஸ்ல குடுக்கற லிஸ்ட் போன வருஷத்தோடதா இருக்கலாம், காலி பண்ணிட்டுப் போனவங்க பேர் அதுல இருக்கும், புதுசா வந்தவங்க பேர் இருக்காது, ஒரே ஆள் ரெண்டு ரூம் நம்பர்ல இருந்தா அவருக்கு ரெண்டு மடங்கு சான்ஸ். லிஸ்ட்ல இல்லாதவரை எவ்வளவு அருமையாக் குலுக்கினாலும் எடுக்க முடியாது. அதனால முதல்ல உக்காந்து லிஸ்ட்டைச் சரிபாருங்க, அப்புறம் 1லேருந்து 240 வரைக்கும் தொடர்ச்சியா நம்பர் போடுங்க.

ஸ்டெப் 2: சிம்பிள் ரேண்டம் சாம்பிள்

அடிப்படை இதுதான், மத்ததெல்லாம் இதோட பிள்ளைங்க. 240ல 20, எந்த 20 பேர் கொண்ட கூட்டணியா இருந்தாலும் வர்றதுக்கு ஒரே சான்ஸ். தனித்தனியாப் பாத்தா ஒவ்வொரு ரூமுக்கும் 20/240, அதாவது 12ல 1.

சீட்டு எழுதிப் போட்டு எடுக்கலாம், தப்பில்லை, ஆனா நல்லாக் கலக்கணும். சும்மா சொல்லலை. 1969 டிசம்பர் 1ம் தேதி அமெரிக்காவுல ராணுவத்துக்கு ஆள் எடுக்க, பிறந்த தேதி எழுதின 366 குப்பிகளைப் போட்டு டிவியில எல்லாரும் பாக்க எடுத்தாங்க. மாசவாரியாப் போட்ட குப்பிகள் சரியாக் கலக்கலை, வருஷக் கடைசி மாசங்கள்ல பிறந்த பசங்களோட தேதிகள் கொஞ்சம் அதிகமாவே முன்னாடி வந்து விழுந்துச்சு. மொத்த நாடும் பாத்துட்டிருந்த குலுக்கல்லயே அப்படின்னா நம்ம டப்பா எம்மாத்திரம்.

கம்ப்யூட்டர் இல்லாம பரீட்சையில கேட்டா ரேண்டம் நம்பர் டேபிள் குடுப்பாங்க. 1927லயே டிப்பெட்ங்கறவர் 41,600 இலக்கம் கொண்ட ஒரு டேபிள் போட்டாரு, பழைய சங்கதி. அதைப் படிக்கறது இப்படி. நம்ம பெரிய நம்பர் 240, மூணு இலக்கம், அதனால மூணு மூணா வெட்டணும். டேபிள்ல ஒரு வரி இப்படி இருக்குன்னு வெச்சுக்குவோம்:

08361 72401 54083 91200 61992

நடுவுல இருக்கற இடைவெளி கண்ணுக்கு வசதிக்குத்தான், அதைக் கண்டுக்காதீங்க. வெட்டினா 083, 617, 240, 154, 083, 912, 006, 199 வரும். 083 ஓகே, 83ம் ரூம். 617 நம்ம லிஸ்ட்லயே இல்லை, தள்ளுங்க. 240 ஓகே, 154 ஓகே. மறுபடி 083, ஏற்கெனவே எடுத்தாச்சு, தள்ளுங்க. 912 இல்லை. 006ன்னா 6ம் ரூம், 199 ஓகே. கடைசியில மிச்சம் இருக்கற 2 அடுத்த வரியோட சேரும். இப்படியே 20 ரூம் கிடைக்கற வரைக்கும் போகணும்.

இவ்வளவு நம்பர் வீணாப் போகுதேன்னு வயிறு எரிஞ்சா ஒரு குறுக்கு வழி இருக்கு, 617லேருந்து 240ஐக் கழிச்சுக்கிட்டே போனா 137 வரும், அதை எடுத்துக்கலாம். ஆனா 960 வரைக்கும்தான் இது செல்லும், ஏன்னா 240 நாலு தடவை சரியா அடங்கறது அதுவரைக்கும்தான். 961லேருந்து 999 வரைக்கும் வந்ததையும் கழிச்சு சேர்த்துக்கிட்டா முதல் 39 ரூமுக்கு மட்டும் கூடுதலா ஒரு சான்ஸ் போயிடும். அதையும் 000வையும் தூக்கிப் போட்டுடுங்க.

எக்ஸெல்ல செய்யறது இன்னும் சுலபம். ஒரு காலம்ல (column) 1லேருந்து 240, பக்கத்துக் காலம்ல ரேண்ட் (RAND) ஃபங்ஷன், கீழ வரைக்கும் இழுத்து விட்டு, அந்த ரெண்டாவது காலம்ல இருக்கற நம்பரை வெச்சு வரிசைப்படுத்தி (sort) முதல் 20ஐ எடுத்துக்கலாம். வரிசைப்படுத்தறதுக்கு முன்னாடி அந்த நம்பர்களை காப்பி பண்ணி வேல்யூஸ் மட்டும் பேஸ்ட் பண்ணிடுங்க, இல்லைன்னா ஷீட்ல எங்க கை வெச்சாலும் எல்லா நம்பரும் மாறிக்கிட்டே இருக்கும், எந்த 20ஐ எடுத்தீங்கன்னு உங்களுக்கே தெரியாது. பைத்தான் தெரிஞ்சவங்களுக்கு ரேண்டம் மாட்யூல்ல சாம்பிள்னே ஒரு ஃபங்ஷன் இருக்கு, ஆனா ரேஞ்ச் குடுக்கும்போது 1, 241னு குடுங்க, 240னு நிறுத்தினா கடைசி ரூம்காரர் பாவம் ஆட்டத்துலயே இருக்க மாட்டார். குலுக்கல் எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு நாம குடுக்கற சீட் (seed) நம்பரையும் குறிச்சு வெச்சுக்கோங்க, நாளைக்கு யாராவது கேட்டா அதே 20ஐ மறுபடி எடுத்துக் காட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. குலுக்கினதும் வந்த லிஸ்ட்டைப் பாத்துட்டு "என்னடா இது, ஒரே பிளாக்லேருந்து ஏழு வந்திருக்கு, சரியாப் படலையே"ன்னு திரும்பக் குலுக்காதீங்க. பாத்துப் பாத்து பிடிச்ச லிஸ்ட் வர்ற வரைக்கும் குலுக்கினா கடைசியில தேர்ந்தெடுத்தது நீங்கதான், குலுக்கல் இல்லை. பிளாக் பிளாக்கா சமமா வரணும்னா அதுக்குன்னு தனி முறை இருக்கு, ஸ்டெப் 4ல வருது.

ஸ்டெப் 3: சிஸ்டமேட்டிக் சாம்பிள்

240ஐ 20ஆல வகுத்தா 12. 1லேருந்து 12க்குள்ள ஒரே ஒரு நம்பரைக் குலுக்கி எடுங்க, 7 வந்துச்சுன்னு வைங்க. அப்புறம் 12, 12ஆ கூட்டிக்கிட்டே போங்க: 7, 19, 31, 43, கடைசியில 235. முடிஞ்சுது, 20 ரூம். ஒரே ஒரு தடவை குலுக்கினாப் போதும்ங்கறதால எல்லாருக்கும் பிடிக்கும்.

இதுலயும் ஒவ்வொரு ரூமுக்கும் 12ல 1 சான்ஸ்தான், ஆனா இது சிம்பிள் ரேண்டம் ஆகாது, பரீட்சையில இதைத்தான் மடக்கி மடக்கிக் கேப்பாங்க. 7ம் ரூமும் 8ம் ரூமும் ஒண்ணா வரவே வராது இல்லையா, மொத்தமே 12 விதமான சாம்பிள்தான் சாத்தியம்.

இப்ப நம்ம ஹாஸ்டலைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. மாடிக்கு 12 ரூம், நாம தாண்டறதும் 12. அதனால 7ல ஆரம்பிச்சா எல்லா மாடியிலயும் அதே ஏழாவது ரூம்தான் வரும். பரவாயில்லைன்னு தோணலாம், ஆனா குலுக்கல்ல 1 வந்திருந்தா? 1, 13, 25ன்னு 229 வரைக்கும் இருபதும் மாடிப்படிக்கு ஒட்டின ரூம். ராத்திரி பூரா ஏறி இறங்கற சத்தம், செருப்புச் சத்தம், போன்ல பேசற சத்தம். அந்த 20 பேரோட தூக்கத்தை அளந்து ஹாஸ்டலே தூங்கலைன்னு எழுதிடுவோம். லிஸ்ட்ல ஏதாவது ஒரு தாளம் திரும்பத் திரும்ப வந்து, நாம தாண்டற எண்ணும் அதே தாளத்துல விழுந்தா இந்த முறை நம்மளைக் கவுத்துடும்.

அதுக்கு மருந்து, 11, 11ஆ தாண்டுங்க. 1, 12, 23, 34ன்னு போகும்போது மாடிக்கு மாடி ரூமோட இடம் மாறிக்கிட்டே வரும். ஒரே ஒரு சின்ன விஷயம், ஆரம்ப எண் 1லேருந்து 9க்குள்ள வந்தா 22 ரூம் கிடைக்கும், 10ஓ 11ஓ வந்தா 21தான், அதைப் பாத்துப் பதறாதீங்க.

ஸ்டெப் 4: ஸ்ட்ராட்டிஃபைடு சாம்பிள்

ஹாஸ்டல்ல முதல் வருஷம் 120 பேர், ரெண்டாம் வருஷம் 72, மூணாம் வருஷம் 48. வருஷத்துக்கு வருஷம் தூக்கம் மாறும்னு நமக்கே தெரியும். மொத்தமாக் குலுக்கினா மூணாம் வருஷத்துலேருந்து சராசரியா 4 பேர் வரணும், ஆனா கணக்குப் போட்டுப் பாத்தா நூறு தடவைல சுமார் 6 தடவை ஒருத்தர்தான் வருவார், இல்லை அந்த ஒருத்தர்கூட வரமாட்டார். அந்த ரிஸ்க் எதுக்கு? வருஷவாரியா லிஸ்ட்டைப் பிரிச்சு (இந்தப் பிரிவுகளுக்குத்தான் ஸ்ட்ராட்டான்னு பேரு) ஒவ்வொண்ணுக்குள்ளயும் தனித்தனியா சிம்பிள் ரேண்டம் எடுத்துடலாம். விகிதப்படி பாத்தா 10, 6, 4, கூட்டினா 20.

சரி, வருஷங்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டும் பாக்கணும்னா 4 பேரை வெச்சுக்கிட்டு மூணாம் வருஷத்தைப் பத்தி என்னத்தைப் பேசறது. அப்ப தலா 8 எடுக்கலாம், ஆனா மொத்த சராசரி போடும்போது கவனம். சும்மா ஒரு பேச்சுக்கு சராசரிகள் 6, 6.5, 7.5 மணின்னு வந்துச்சுன்னு வைங்க. மூணையும் கூட்டி மூணால வகுத்தா 6.67, அது தப்பு. ஹாஸ்டல்ல அவங்கவங்க பங்கு 0.5, 0.3, 0.2. அதால பெருக்கிக் கூட்டணும்: 3 + 1.95 + 1.5 = 6.45 மணி. இந்தப் பெருக்கலை மறக்கற ஆளுங்க ரொம்ப ஜாஸ்தி, நானும் மறந்திருக்கேன்.

ஸ்டெப் 5: கிளஸ்டர் சாம்பிள்

மொத்தம் 20 மாடி, இப்படி ஒண்ணா இருக்கற ஒவ்வொரு கூட்டத்துக்கும் கிளஸ்டர்னு பேரு. அதுல 2 மாடியைக் குலுக்கி எடுத்து அங்க இருக்கற 24 பேரையும் கேட்டுடலாம், அலைச்சல் மிச்சம். ஆளுங்க பரந்து கிடக்கற இடங்கள்ல இதை விட்டா வழியே இல்லை. குழந்தைகளுக்கு எத்தனை சதவீதம் தடுப்பூசி போட்டாச்சுன்னு பாக்க உலக சுகாதார நிறுவனம் ரொம்ப வருஷம் சொல்லிட்டு வந்த முறையும் இந்தக் குடும்பம்தான், 30 கிளஸ்டர், கிளஸ்டருக்கு 7 குழந்தை, மொத்தம் 210. அதுல கிளஸ்டருக்குள்ள எல்லாரையும் எடுக்காம சிலரை மட்டும் எடுக்கறதால அதை மல்டிஸ்டேஜ், அதாவது பல கட்டமா எடுக்கறதுன்னு சொல்லுவாங்க.

ஸ்ட்ராட்டாவையும் கிளஸ்டரையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஸ்ட்ராட்டான்னா எல்லாக் குழுவுலேருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கறோம், குழுவுக்குள்ள ஆளுங்க ஒரே மாதிரி இருந்தா நல்லது. கிளஸ்டர்னா சில குழுவை மட்டும் எடுக்கறோம், அதனால ஒவ்வொரு குழுவும் மொத்த ஹாஸ்டலோட குட்டி நகல் மாதிரி கலந்து இருந்தாத்தான் நல்லது. நம்ம ஹாஸ்டல்ல வருஷவாரியா மாடி ஒதுக்கியிருந்தா முதல் வருஷத்துக்கு மட்டும் 10 மாடி, குலுக்கற ரெண்டுமே அவங்க மாடியா வர்றதுக்கு கிட்டத்தட்ட நாலுல ஒரு சான்ஸ். அப்படிப்பட்ட இடத்துல நான் கிளஸ்டர் பக்கமே போக மாட்டேன்.

ஸ்டெப் 6: கதவு பூட்டியிருந்தா?

லிஸ்ட்ல 154 வந்திருக்கு, போய்த் தட்டினா ஆள் இல்லை. பக்கத்து ரூம் 155ல லைட் எரியுது, அவரைக் கேட்டுட்டு வந்துடலாமான்னு கை துறுதுறுன்னு இருக்கும். வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு ரூம்ல இல்லாதவரும் இருக்கறவரும் தூக்க விஷயத்துல ஒரே மாதிரியா இருப்பாங்க? இப்படி மாத்திக்கிட்டே போனா சீக்கிரம் தூங்கற ஆளுங்களா சேர்ந்துடுவாங்க, இவ்வளவு நேரம் குலுக்கினதெல்லாம் வீண்.

1936ல அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அட்டை அனுப்பிச்சு, அதுல திரும்பி வந்தது 23 லட்சம் சொச்சம்தான். அதை வெச்சு லாண்டன் ஜெயிப்பார்னு போட்டாங்க. ஜெயிச்சது ரூஸ்வெல்ட், லாண்டனுக்குக் கிடைச்சது ரெண்டே மாநிலம். போன் வெச்சிருந்தவங்க, கார் வெச்சிருந்தவங்கன்னு லிஸ்ட்டே ஒரு பக்கமா சாய்ஞ்சிருந்துச்சு, அதுக்கு மேல பதில் அனுப்பினவங்க ஒரு மாதிரி, அனுப்பாதவங்க வேற மாதிரி. 23 லட்சம் பேர் இருந்தும் ஒண்ணும் உதவலை.

அதனால 154க்கு வேற வேற நேரத்துல மூணு தடவையாவது போய்ப் பாருங்க, காலையில ஒரு தடவை, ராத்திரி லேட்டா ஒரு தடவை. அப்படியும் ஆள் சிக்கலைன்னா ரிப்போர்ட்ல "20 பேரைத் தேர்ந்தெடுத்தோம், 17 பேர் பதில் சொன்னாங்க, 3 பேரைப் பாக்க முடியலை"ன்னு இருக்கறதை இருக்கற மாதிரியே எழுதிடுங்க, அந்த 3 ரூம் நம்பரையும் நோட்ல குறிச்சு வைங்க.